ஆவியாதலால் குளிர்ச்சி: வகுப்பறையில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் செய்து காட்டுவது எப்படி

கையில் இரண்டு சொட்டு சானிடைசர் விட்டு ஊதச் சொன்னால் போதும், "சில்லுன்னு இருக்கு" என்று வகுப்பே சொல்லிவிடும். பல நேரம் பாடமும் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சில்லிப்பு எதை நிரூபித்தது? "பாட்டிலுக்குள்ள இருக்கும்போதே அது குளிர்ச்சியாத்தானே இருந்திருக்கும்?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். "ஊதின காத்துதான் குளிர்ச்சி" என்று இன்னொருவர் சொல்லலாம். "ஈரம்னாலே குளிர்ச்சிதானே?" என்று மூன்றாவது குரல் வரும். மூன்றுமே நல்ல கேள்விகள். கையில் சொட்டு விட்டுக் காட்டும் சோதனையிடம் இவற்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை.

அதனால் இந்தச் சோதனையைப் புதிதாகச் செய்யப்போகும் ஆசிரியருக்கு முக்கியமான வேலை, குளிர்ச்சியைக் காட்டுவது அல்ல. அது தானாகவே வந்துவிடும். திரவம் முன்கூட்டியே குளிர்ந்திருக்கவில்லை, காற்று குளிர்ந்ததில்லை, ஈரமாக இருப்பது மட்டும் போதாது என்று மூன்று வழிகளையும் ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். அடைத்த பிறகு மிஞ்சும் ஒரே காரணம் ஆவியாதல். கீழே உள்ள முறை முழுவதும் இதற்காகவே அமைந்தது. ஒரு பாடவேளைக்குள் முடித்துவிடலாம், பொருள்களை மட்டும் முதல்நாளே எடுத்து வைத்திருந்தால்.

என்னென்ன வேண்டும்

ஆய்வகத்தில் பயன்படுத்தும் கண்ணாடி வெப்பநிலைமானிகள் மூன்று. சிவப்பு அல்லது நீலத் திரவம் உள்ளவை நல்லது. பாதரசம் உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள், உடைந்தால் பெரிய தலைவலி. நீளமான கம்பி முனையுள்ள டிஜிட்டல் மானிகள் இருந்தால் இன்னும் வசதி, பின்வரிசைக்கும் எண் தெரியும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அதன் அளவுகோல் 35 டிகிரி செல்சியஸ் அளவில்தான் தொடங்கும். பழைய கண்ணாடி வகையில் ஏறிய பாதரசம், உதறினால் ஒழிய இறங்கவும் இறங்காது.

அப்புறம், காயத்துக்குக் கட்டும் காஸ் துணி கொஞ்சம், நூல், சொட்டு விடும் குழாய், வெப்பநிலைமானிகளைத் தொங்கவிட ஒரு தாங்கி, நல்ல தெளிவான பாலித்தீன் பை ஒன்று, ரப்பர் பேண்ட், மேசை மின்விசிறி, ஒரு கனமான அட்டை, கடிகாரம். திரவங்களில் தண்ணீர், சமையல் எண்ணெய் சில சொட்டு, ஆல்கஹால் சில சொட்டு. ஆல்கஹாலுக்கு ஜெல் வகை சானிடைசரைவிட நீர்மமாக இருக்கும் வகையோ சர்ஜிக்கல் ஸ்பிரிட்டோ மேல். ஜெல்லில் கெட்டிப்படுத்தும் பொருள் இருப்பதால் துணியில் படலமாகத் தங்கி ஆவியாவதைத் தடுக்கும்.

புதுக் காஸ் துணியில் சில நேரம் கஞ்சி போன்ற பூச்சு இருக்கும். அது தண்ணீரை உறிஞ்ச விடாது. ஒருமுறை அலசிக் காய வைத்துக்கொள்ளுங்கள்.

முதல்நாள் செய்ய வேண்டியது

தண்ணீரையும் ஆல்கஹாலையும் எண்ணெயையும் தனித்தனி பாட்டில்களில் இறுக மூடி, சோதனை நடக்கப்போகும் அதே அறையில் இரவு முழுக்க வைத்துவிடுங்கள். "திரவம் ஏற்கனவே குளிர்ந்திருந்தது" என்ற வாதத்துக்கு இதுதான் பதில்.

மூடி வைப்பது முக்கியம். பலரும் வாளியிலோ கிண்ணத்திலோ திறந்து வைத்துவிடுவார்கள். திறந்த பாத்திரத்தில் இருக்கும் தண்ணீர் இரவெல்லாம் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அதனாலேயே அறையைவிட ஓரிரு டிகிரி குறைவாக இருக்கும். காலையில் அளந்து பார்த்தால் "தண்ணி முன்னாடியே குளிர்ச்சியாத்தான் இருக்கு" என்று மாணவர்கள் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும். இதையே பின்னால் ஒரு புதிர்க் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம்: மூடிய பாட்டிலிலும் திறந்த கிண்ணத்திலும் ஒரே தண்ணீர், வெப்பநிலை ஏன் வேறு? சோதனை முடிந்த பிறகு கேட்டால் விடை அவர்களிடமிருந்தே வரும்.

மாணவர்களிடம் முதலில் எழுதி வாங்குங்கள்

எதையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி. "உலர்ந்த வெப்பநிலைமானி ஒன்றுக்கு நேராக மின்விசிறியைப் போட்டால் அளவு ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா?" ஆளுக்கொரு தாளில் ஒரு சொல் எழுதட்டும், காரணம் ஒரு வரி. பெரும்பாலானவர்கள் இறங்கும் என்றுதான் எழுதுவார்கள். விசிறிக்கு முன்னால் நின்றால் குளிர்கிறதே, வேறு எப்படி நினைப்பார்கள்? வாயால் சொல்ல விடாமல் எழுத வைப்பதற்குக் காரணம் உண்டு. முடிவு தெரிந்த பிறகு "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று யாரும் தப்பிக்க முடியாது. தன் கணிப்பு தவறிப்போன மாணவர்தான் அடுத்த பத்து நிமிடம் மிகக் கவனமாகப் பார்ப்பார்.

சோதனை, படிப்படியாக

படி 1. மூன்று வெப்பநிலைமானிகளையும் ஒரே உயரத்தில், குமிழ்கள் ஒன்றோடொன்று உரசாமல், ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். அ, ஆ, இ என்று சீட்டு ஒட்டுங்கள். வெயில் படும் சன்னல் பக்கம் வேண்டாம். ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மூன்றையும் படியுங்கள். பள்ளி வெப்பநிலைமானிகள் தங்களுக்குள் அரை டிகிரி, ஒரு டிகிரி வேறுபடுவது சகஜம். பயப்பட வேண்டாம், அந்த வித்தியாசத்தைக் கரும்பலகையில் ஓரமாக எழுதி, பிறகு எடுக்கும் அளவுகளில் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். இதை இப்போதே வெளிப்படையாகச் செய்துவிட்டால், பின்னால் "கருவியே தப்பு" என்ற பேச்சு எழாது.

படி 2. மூன்றும் உலர்ந்திருக்கும்போதே மின்விசிறியைப் போடுங்கள். மூன்று நிமிடம். அளவு அசையாது. அசைந்தாலும் மிகச் சிறிதாகத்தான் இருக்கும், அதுவும் அறையின் வேறு மூலையிலிருந்து சற்றே வேறு வெப்பநிலையுள்ள காற்று வந்து கலப்பதால். இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். எழுதிய கணிப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள். காற்று அசைந்தாலும் அதே வெப்பநிலையில் உள்ள காற்றுதானே அது? வெப்பநிலைமானிக்கு அதனால் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. நமக்குக் குளிர்கிறது என்றால் நம் உடல் அறையைவிடச் சூடாக இருக்கிறது, தோலில் ஈரமும் இருக்கிறது. வெப்பநிலைமானிக்கு இரண்டுமே இல்லை. விசிறியை நிறுத்திவிடுங்கள்.

படி 3. மூடி வைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, எல்லோரும் பார்க்க அதன் வெப்பநிலையை அளந்து எழுதுங்கள். அறை வெப்பநிலையோடு ஒத்துப்போகும். மானியை நன்றாகத் துடைத்து மறுபடி மாட்டுங்கள்.

படி 4. ஆ, இ இரண்டின் குமிழ்களையும் ஒரே அளவு காஸ் துணியால் ஒரே ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ சுற்றி நூலால் கட்டுங்கள். தடிமனாகச் சுற்றினால் மானி மெதுவாகத்தான் இறங்கும். குமிழ் முழுவதும் மறைய வேண்டும். இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் தண்ணீர்ச் சொட்டுகள் விடுங்கள். துணி நனைய வேண்டும், சொட்டக் கூடாது. அ உலர்ந்தபடியே இருக்கட்டும்.

படி 5. இ மீது பாலித்தீன் பையைக் கவிழ்த்து, கொஞ்சம் காற்றோடு உப்பலாக இருக்கும்படி மேலே ரப்பர் பேண்ட் போட்டு மூடுங்கள். பை துணியில் ஒட்டக் கூடாது.

படி 6. முதல் மூன்று நிமிடம் விசிறி இல்லாமல். ஒவ்வொரு நிமிடமும் ஒருவர் நேரம் சொல்ல, ஒருவர் படிக்க, ஒருவர் பலகையில் எழுத வேண்டும். படிப்பவரின் கண் திரவ மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும், குமிழைத் தொடவோ அதன் மேல் மூச்சு விடவோ கூடாது. ஆ மெல்ல இறங்கத் தொடங்கியிருக்கும்.

படி 7. விசிறியைப் போடுங்கள். ஆ இப்போது விரைவாக இறங்கி, ஐந்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் ஓர் அளவில் நின்றுவிடும். அ மாறவில்லை. பைக்குள் இருக்கும் இ கிட்டத்தட்ட அறை வெப்பநிலையிலேயே இருக்கும். மூடும் முன் ஆவியான கொஞ்சத்துக்காக ஒரு சிறு இறக்கம் தெரியலாம், அவ்வளவுதான்.

படி 8. விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே இ மீதுள்ள பையை உருவி எடுங்கள். எல்லோரும் இ-யையே பார்க்கட்டும்.

இந்தக் கடைசிப் படிக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். பை எடுத்த சில நொடிகளில் இ இறங்க ஆரம்பிக்கும், ஆ இருக்கும் இடத்தை நோக்கிப் போகும். அதே மானி, அதே துணி, அதே தண்ணீர், அதே விசிறி. மாறியது ஒன்றே ஒன்று: நீராவி வெளியேற வழி கிடைத்தது. பைக்குள் இருந்தபோதும் துணி ஈரமாகத்தான் இருந்தது, குளிரவில்லை. ஆக "ஈரம்னாலே குளிர்ச்சி" என்பதும் போயிற்று. நேரம் குறைவாக இருந்தால் மற்ற எந்தப் படியைச் சுருக்கினாலும் சரி, இரண்டாவதையும் எட்டாவதையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு இறங்கும்?

இது அன்றைய காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. அறை 30 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்றில் இருக்கக்கூடிய அதிகபட்ச நீராவியில் இப்போது எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது) 50 சதவீதம் என்றால் ஆ ஏறக்குறைய 22 டிகிரி வரை வரும். அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 27 டிகிரியோடு நின்றுவிடும். 30 சதவீதம்தான் என்றால் 18 டிகிரி வரைகூட இறங்கும். மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் இந்தச் சோதனையை வைத்தால் முடிவு சப்பென்று இருக்கும். தேதியை உங்களால் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் வறண்ட நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முடியாது என்றாலும் பரவாயில்லை, அந்தச் சிறிய இறக்கத்தையே வைத்து "ஏன் இன்று குறைவு?" என்று பேசலாம்.

ஆ ஏன் இறங்கிக்கொண்டே போகவில்லை, ஏன் ஓரிடத்தில் நின்றது என்று நல்ல வகுப்பில் யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். துணி குளிரக் குளிர, சூடான அறைக்காற்றிலிருந்து வெப்பம் அதற்குள் வர ஆரம்பிக்கிறது. ஆவியாதல் எடுத்துப் போகும் வெப்பமும் காற்று கொண்டுவரும் வெப்பமும் சமமாகும் இடத்தில் இறக்கம் நிற்கிறது. அந்த இடத்துக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். விசிறியின் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். நல்ல காற்றோட்டம் ஏற்கனவே இருந்தால் அளவு மேலும் குறையாது. வேகமான காற்று ஆவியை வேகமாக அகற்றும், வெப்பத்தையும் அதே வேகத்தில் கொண்டுவந்து சேர்க்கும். நிலையான அளவுக்குச் சீக்கிரம் போகலாம், அவ்வளவே.

இரண்டாம் சுற்று: ஆல்கஹாலும் எண்ணெயும்

இந்தச் சுற்றுக்கு முன் சில எச்சரிக்கைகள். ஆல்கஹாலின் ஆவி எளிதில் தீப்பற்றும். எத்தனால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டுமே சாதாரண அறை வெப்பநிலையிலேயே பற்றிக்கொள்ளக் கூடிய அளவுக்கு ஆவியை வெளிவிடும். அதனால் அறையில் எங்கும் சுடர் இருக்கக் கூடாது, சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், பாட்டிலை உடனே மூடித் தள்ளி வைக்க வேண்டும். மின்விசிறியின் மோட்டாரில் பொறி வர வாய்ப்புண்டு என்பதால் இங்கே விசிறி வேண்டாம், அட்டையால் வீசுங்கள். சில சொட்டுகளே போதும். நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோன் இன்னும் மோசம், மைனஸ் 20 டிகிரியிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும். மிக வேகமாக ஆவியாகித் தீப்பற்றும் ஈதர் என்ற திரவம் வகுப்பறைக்குள் வரவே கூடாது. தொழிற்சாலை உபயோகத்துக்கான எரிசாராயத்தில் மெத்தனால் கலந்திருக்கலாம், மாணவர்களின் தோலில் படும்படி அதைக் கொடுக்காதீர்கள்.

சரி, ஆ, இ இரண்டிலும் உள்ள ஈரத்துணியை எடுத்துவிட்டு, உலர்ந்த புதுத் துணி கட்டுங்கள். இரண்டும் அறை வெப்பநிலைக்குத் திரும்பும் வரை காத்திருங்கள். ஆ-வில் ஆல்கஹால் சில சொட்டு, இ-யில் எண்ணெய் சில சொட்டு. அட்டையால் இரண்டுக்கும் சமமாக வீசச் சொல்லுங்கள்.

ஆல்கஹால் தண்ணீரைவிட வேகமாகவும் ஆழமாகவும் இறங்கும். எண்ணெய் அசையாது. எண்ணெயும் திரவம்தான், துணி அதனாலும் நனைந்துதான் இருக்கிறது, காற்றும் அதே காற்று. அது அறை வெப்பநிலையில் அளக்கும் அளவுக்கு ஆவியாவதில்லை, அதனால் குளிரவில்லை.

ஆல்கஹால் அளவுகளைக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்து வரைபடம் போடச் சொல்லுங்கள். அது தண்ணீரைப் போல ஓரிடத்தில் படுத்துக் கிடக்காது. செங்குத்தாக இறங்கி, ஆல்கஹால் தீர்ந்ததும் திரும்பி மேலே ஏறும். சானிடைசரில் ஆல்கஹாலோடு தண்ணீரும் இருப்பதால், ஏறும் வழியில் சிறிது நேரம் ஓரிடத்தில் நின்றுவிட்டுப் பிறகு அறை வெப்பநிலைக்குப் போவதைப் பார்க்கலாம். பெரும்பாலான ஆல்கஹால் முதலில் போய்விட்டது, மிச்சமிருக்கும் தண்ணீர் தன் பங்கைச் செய்கிறது. அந்த நிற்கும் அளவை முதல் சுற்றின் ஆ அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தத் தட்டையான பகுதியை ஆசிரியர் சுட்டிக் காட்டாமல் ஒரு மாணவர் தானாகக் கண்டுபிடித்தால் அன்றைய பாடம் வெற்றி.

இங்கே ஒரு தவறான விளக்கம் அடிக்கடி புகுந்துவிடுகிறது: "ஆல்கஹால் ஆவியாக அதிக வெப்பம் தேவை, அதனால் அதிகம் குளிர்கிறது." உண்மை நேர் எதிர். ஒரு கிராம் தண்ணீர் 30 டிகிரியில் ஆவியாகச் சுமார் 2,430 ஜூல் வேண்டும். ஒரு கிராம் எத்தனாலுக்குச் சுமார் 900 ஜூல்தான், பாதிக்கும் குறைவு. அப்படியிருந்தும் எத்தனால் அதிகம் குளிர்வதற்குக் காரணம் அது ஆவியாகும் வேகம். ஒரு திரவம் எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதைக் காட்டும் அளவு ஆவி அழுத்தம். 25 டிகிரியில் தண்ணீருக்கு அது 3.2 கிலோபாஸ்கல், எத்தனாலுக்கு 7.9. இன்னொரு காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. அறைக் காற்றில் ஏற்கனவே நீராவி இருக்கிறது, ஆகவே துணியை விட்டுப் போகும் நீர் மூலக்கூறுகளுக்கு ஈடாகக் கொஞ்சம் திரும்பி வந்துகொண்டும் இருக்கிறது. ஆல்கஹால் ஆவி அறையில் இல்லை, போவது போனதுதான்.

விளக்கத்தை எப்படிச் சொல்வது

"திரவம் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிறது" என்று மட்டும் சொன்னால் மாணவர்கள் குழம்புவது இயல்பு. உறிஞ்சினால் சூடாகத்தானே வேண்டும், ஏன் குளிர்கிறது? மூலக்கூறுகளிலிருந்து தொடங்குவது எளிது. ஒரு திரவத்தில் எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மேற்பரப்புக்கு வந்து, பக்கத்தில் உள்ளவற்றின் ஈர்ப்பை மீறி வெளியேற முடிவது மிக வேகமானவற்றால்தான். அவை போனபின் மிஞ்சியவற்றின் சராசரி ஆற்றல் குறைகிறது. வெப்பநிலை என்று நாம் அளப்பது அந்தச் சராசரியைத்தான்.

இதை வகுப்பிலேயே நடத்திக் காட்டலாம். பத்துப் பேரை நிறுத்தி அவர்களின் சராசரி உயரத்தைக் கணக்கிடுங்கள். மிக உயரமான இரண்டு பேரை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். யாருடைய உயரமும் குறையவில்லை, சராசரி குறைந்துவிட்டது. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூலக்கூறுகள் மோதிக்கொண்டே இருப்பதால் மிஞ்சியவற்றில் சில மறுபடியும் வேகம் பெறும், அவையும் வெளியேறும். அந்த ஆற்றல் துணியிலிருந்தும் கண்ணாடிக் குமிழிலிருந்தும் வருவதால் அவையும் சேர்ந்து குளிர்கின்றன. தண்ணீர் கொதிக்க வேண்டியதே இல்லை, எந்த வெப்பநிலையிலும் இது நடக்கும்.

வெப்பம் அழிந்துபோகவில்லை, நீராவியோடு போயிருக்கிறது. எங்காவது அது மீண்டும் நீராகப் படியும்போது அதே வெப்பம் வெளிப்படும். 100 டிகிரி கொதிநீரைவிட 100 டிகிரி நீராவி தோலில் பட்டால் மோசமாகச் சுடுவது இதனால்தான். இதைச் சொன்னால் போதும், செய்து காட்டாதீர்கள்.

கணக்கில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க 4.2 ஜூல் எடுத்தால் போதும். 100 கிராம் தண்ணீரிலிருந்து ஒரே ஒரு கிராம் ஆவியானால், வெளியிலிருந்து வெப்பம் எதுவும் வராத பட்சத்தில், மீதி ஏறத்தாழ 6 டிகிரி குளிர்ந்துவிடும். அவ்வளவு சிறிய இழப்புக்கு அவ்வளவு பெரிய விளைவு. நுண்ணிய தராசு இருந்தால் ஈரத்துணியை விசிறிக்கு முன் வைப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு, எத்தனை கிராம் போயிற்று, எத்தனை ஜூல் போயிற்று என்று அவர்களே கணக்கிடலாம். விசிறிக் காற்றில் தராசு ஆடும், எடை போடும்போது நிறுத்திவிடுங்கள்.

கையில் தடவும் சோதனையை வேண்டாம் என்று சொல்லவில்லை. மாணவர்களுக்குப் பிடித்தது அதுதான். ஆனால் அதைக் கடைசியில் வையுங்கள். ஒரு புறங்கையில் தண்ணீர், மறு புறங்கையில் ஆல்கஹால், மணிக்கட்டுக்கு மேல் ஒரு துளி எண்ணெய். தோலின் வெப்பநிலை சுமார் 33 டிகிரி, திரவங்கள் அதைவிடக் குறைவாக இருக்கலாம், அதனால் தொட்டவுடன் மூன்றுமே ஒரு கணம் சில்லென்று படும். அந்த முதல் கணத்தைக் கணக்கில் எடுக்காமல், அரை நிமிடம் கழித்தும் எது இன்னும் குளிர்கிறது என்று கேளுங்கள். வாயால் ஊத வேண்டாம், மூச்சில் ஈரம் இருக்கிறது. அட்டையால் வீசுங்கள். தோலில் புண், ஒவ்வாமை உள்ளவர்கள் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

வரும் கேள்விகளில் வியர்வை கட்டாயம் இருக்கும். ஈரப்பதம் மிகுந்த நாளில் வியர்த்துக் கொட்டியும் புழுக்கம் தீராதது ஏன் என்று கேட்டால், பைக்குள் இருந்த இ-யைக் கைகாட்டுங்கள். சொட்டி விழும் வியர்வையால் பயனில்லை, தோலிலிருந்தே ஆவியாகும் வியர்வைதான் வெப்பத்தை எடுத்துப் போகும். ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டுவிட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் உடலால்கூட வெப்பத்தை வெளியேற்ற முடியாது.

வரலாற்றில் ஆர்வமுள்ள வகுப்பாக இருந்தால் ஒரு சம்பவம் சொல்லலாம். ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லன் ஆவியாகும் திரவங்கள் உண்டாக்கும் குளிர்ச்சி பற்றி 1756-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1758-ல் பெஞ்சமின் பிராங்க்ளினும் ஜான் ஹேட்லியும் கேம்பிரிட்ஜில் வெப்பநிலைமானியின் குமிழை ஈதரால் திரும்பத் திரும்ப நனைத்து, துருத்தியால் காற்றடித்தார்கள். அறை சுமார் 18 டிகிரி செல்சியஸ். மானியோ மைனஸ் 14 வரை இறங்கி, குமிழின் மேல் கால் அங்குலத் தடிமனுக்குப் பனி படிந்துவிட்டது. இப்படியே போனால் கோடை நாளில் ஒரு மனிதனை உறைய வைத்தே கொன்றுவிடலாம் போலிருக்கிறதே என்று பிராங்க்ளின் ஒரு கடிதத்தில் எழுதினார். நீங்கள் மேசை மேல் வைத்திருப்பது அடிப்படையில் அதே கருவிதான், ஈதர் மட்டும் இல்லை. கல்லனின் மாணவரான ஜோசப் பிளாக்தான் உள்ளுறை வெப்பம் (வெப்பநிலை மாறாமலே, உருகவோ ஆவியாகவோ செலவாகும் வெப்பம்) என்ற கருத்தை 1760-களின் தொடக்கத்தில் வகுப்பில் கற்பித்தவர்.

சரியாக வரவில்லை என்றால்

ஆ இறங்கவே இல்லை என்றால் முதலில் துணியைப் பாருங்கள். குமிழின் அடிப்பகுதி வெளியே தெரிகிறதா, துணி தண்ணீரை உறிஞ்சியிருக்கிறதா? இரண்டும் சரி என்றால் காற்றின் ஈரப்பதம் அதிகம். அறையில் நாற்பது பேர் சன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே ஈரப்பதம் ஏறும், திறந்துவிடுங்கள்.

இறங்கிய ஆ பாதியில் ஏற ஆரம்பித்தால் துணி காய்ந்துவிட்டது என்று அர்த்தம். துணியின் வாலை நீளமாக விட்டு, கீழே ஒரு சிறு கிண்ணத்துத் தண்ணீரில் முக்கி வைத்தால் தானாக உறிஞ்சிக்கொள்ளும். உப்புத் தண்ணீராக இருந்தால் நாளடைவில் துணி விறைத்துப்போகும், காய்ச்சி வடித்த நீர் நல்லது.

உலர்ந்த அ-வும் இறங்குகிறது என்றால் பெரும்பாலும் ஆ-விலிருந்து துளி தெறித்திருக்கும், அல்லது ஏசியின் குளிர்காற்று நேராகப் படுகிறது. ஏசி அறையில் காற்று வறண்டிருப்பதால் சோதனை நன்றாகவே வரும், அந்தக் காற்று மேசை மேல் நேராக விழாமல் இருந்தால் சரி. பைக்குள் இருக்கும் இ-யும் கணிசமாக இறங்கினால் பையில் ஓட்டை இருக்கிறது அல்லது வாய் சரியாகக் கட்டப்படவில்லை.

அடுத்த வகுப்புக்கு

இந்த ஏற்பாட்டைக் கலைக்காமல் அ-வையும் ஆ-வையும் மட்டும் வைத்துக்கொண்டால் அது ஈரப்பதம் அளக்கும் கருவி. வானிலை நிலையங்களில் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பநிலைமானிகள் என்று வைத்திருப்பது இதே ஜோடிதான். அறை 30 டிகிரியில் இருக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் 3 டிகிரி என்றால் ஒப்பு ஈரப்பதம் சுமார் 79 சதவீதம், 5 டிகிரி என்றால் 67, 8 என்றால் 50, 12 என்றால் 30. மற்ற அறை வெப்பநிலைகளுக்கு இந்த எண்கள் மாறும், அதற்கு அட்டவணை பார்க்க வேண்டும். படிக்கும் முன் சில நிமிடம் விசிறி ஓட வேண்டும், இல்லையென்றால் ஈரப்பதம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். மாணவர்கள் முறை வைத்துத் தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வரலாம்.

முடிந்ததும் ஆல்கஹால் நனைந்த துணிகளை அப்படியே குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். திறந்த வெளியில், தீ எதுவும் அருகில் இல்லாத இடத்தில் முழுக்கக் காயவிட்டுப் பிறகு போடுங்கள். எண்ணெய்த் துணியைத் தனியாக எடுத்துவிட்டு, இ-யின் குமிழைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வையுங்கள். எண்ணெய்ப் படலம் மிஞ்சியிருந்தால் அடுத்த முறை அதில் தண்ணீர் ஒட்டாது.